முதல் பருவத்து மூன்று

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கேட்டு நான் தலையைச் சொறிவதற்கு இது மேல்.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு. ஒவ்வொரு ஆசிரியரிடமும் ஐந்து நிமிடம். ஐந்து நிமிடம் முடிந்தால் மணி அடிக்கும். உள்ளே இருப்பவர் எழுந்துவிட வேண்டும், வெளியே இருப்பவர் உள்ளே போக வேண்டும். கணக்கு மிஸ்ஸின் அறைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நான். என் நேரம் ஐந்து நாற்பது. எனக்கு முன்னால், ஐந்து முப்பத்தைந்துக்கு, ஒரு லிஃப்ட் மெக்கானிக். வேலைச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார், கையில் மட்டும் சோப்பு வாசனை. அந்த அறைக் கதவு சரியாகச் சாத்தாது. நான்கு விரல் இடைவெளி.

அந்த இடைவெளி வழியாக அவர் சொன்னது தெளிவாகக் கேட்டது: "உண்மைய எழுதினதுக்கு ரொம்ப நன்றி மிஸ். இதுவரைக்கும் யாரும் எழுதல."

அதற்குப் பிறகு உள்ளே சத்தமே இல்லை. மணி அடிக்கிறவரை இல்லை. ஒரு நிமிடம் இருக்கும். ஐந்தே நிமிடம் கையில் வைத்திருக்கிற ஒரு ஆசிரியர் அதில் ஒரு முழு நிமிடத்தைப் பேசாமல் விட்டு நான் பார்த்ததில்லை.

அந்த ஒரு நிமிடத்தைத்தான் எழுதப் பார்க்கிறேன். பதினோரு வாரமாக.

(நான் எழுத்தாளன் இல்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறேன். அவ்வப்போது பதிவு போடுவேன், தெரிந்தவர்கள் நாற்பது பேர் படிப்பார்கள். இதுவும் பதிவாகத்தான் கிளம்பியது. நடுவில் கதையாகிவிட்டது, திருப்பிப் போக வழி தெரியவில்லை.)

2

தொடக்கம் ஒன்று: "கணக்கு மிஸ் களைத்துப் போயிருந்தார்."

அடித்துவிட்டேன். களைக்காத வாத்தியார் எங்கே இருக்கிறார்? அப்புறம் இந்த "இருந்தார்". கதையென்றால் "அவள்" என்று எழுதினால்தான் நெருக்கம் வருமாம். என் பையனுக்குப் பாடம் சொல்லித் தருகிறவர், நாற்பத்தாறு வயது, அவரை அவள் இவள் என்று எழுதக் கை வரவில்லை. நெருக்கம் வராவிட்டால் போகட்டும்.

தொடக்கம் இரண்டு: "அன்று காலை ரப்பர் தன் நோட்டில் மறுபடியும் ஓர் ஓட்டை போட்டாள்."

ரப்பர் என்பது லிஃப்ட் மெக்கானிக்கின் மகள். பதினான்கு வயது, என் பையனின் வகுப்பு. போட்ட கணக்கை அழித்து அழித்துத் தாளைக் கிழித்துவிடுவாள், அதனால் அந்தப் பெயர். விடை தப்பென்று அழிப்பதில்லை. சரியாக வந்தாலும் அழிப்பாளாம், இன்னொரு வழியில் வருகிறதா என்று பார்க்க. (இது என் பையன் சொன்னது. உண்மையாகத்தான் இருக்கும். கதை கட்டுகிற அளவுக்கு அவனுக்குப் பொறுமை கிடையாது.)

இந்தத் தொடக்கம் எனக்குப் பிடித்தது. ஆனால் அவளை முன்னால் நிறுத்தினால் நீங்கள் எல்லாரும் உடனே அவள் பக்கம் போய் நின்றுகொள்வீர்கள். மிஸ்ஸை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டீர்கள். அதனால் அவளைக் கொஞ்ச நேரம் வெளியே உட்கார வைக்கிறேன். கோவிச்சுக்காதே பாப்பா.

தொடக்கம் மூன்று: "அந்தப் பள்ளியில் வருடா வருடம் முதல் பருவத்தில் எல்லாரும் சேர்ந்து குழி எடுப்பார்கள்."

இதை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். விளக்கம் வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், நீளமில்லை.

3

அங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஒரு எண் தருவார்கள். ஒன்பது உச்சம். வருடத்துக்கு மூன்று பருவம், மூன்று ரிப்போர்ட். ஃபோனில் ஆப்பில் வரும். பெற்றோர் பார்த்துவிட்டு "படித்தேன்" என்ற பொத்தானை அமுக்க வேண்டும். மூன்று எண்ணையும் சேர்த்து ஒரு கோடு வரும். அந்தக் கோடு மேலே ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் விசாரணை பிள்ளைக்கு இல்லை, ஆசிரியருக்கு.

கோடு மேலே ஏற இரண்டு வழி. கடைசியில் உயரத்தில் முடிப்பது ஒன்று. அதற்கு வருடம் முழுக்க உழைக்க வேண்டும். முதலில் பள்ளத்திலிருந்து கிளம்புவது இன்னொன்று. அதற்கு ஒரு எண்ணைத் தட்டினால் போதும். ஆறு வாங்குகிற பிள்ளைக்கு முதல் பருவத்தில் மூன்று, அப்புறம் நான்கு, கடைசியில் ஆறு. வருடக் கடைசியில் உண்மையான எண் எப்படியும் வந்துவிடுகிறது, யாருக்கும் நஷ்டமில்லை, பெற்றோர் முகத்தில் சிரிப்பு. ஆசிரியர்கள் அறையில் இதற்குக் குழி எடுப்பது என்று பெயர்.*

* இதெல்லாம் என் மச்சான் சொல்லித் தெரியும். என் மனைவியின் தம்பி, வேறொரு பள்ளியில் அறிவியல் வாத்தியார். "உங்க ஸ்கூல்லயும் இப்படியா?" என்று கேட்டேன். "எங்க ஸ்கூல்ல இன்னும் ஆழம் மச்சான். ஏணி போட்டுத்தான் இறங்கணும்."

இனி மிஸ்ஸைப் பார்ப்போம்.

ரிப்போர்ட் வாரம். ஆசிரியர்கள் அறையில் எல்லாரும் கணினி முன்னால் குனிந்திருந்தார்கள். மிஸ்ஸின் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். ரப்பரின் பெயருக்கு நேராக அவர் ஆறு என்று தட்டினார். தேர்வில் வாங்கினது அதற்குத்தான் பொருந்தும். பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது.

"என்ன மிஸ், குழி வெட்டியாச்சா?"

கணக்குத் துறைத் தலைவர். எதைச் சொன்னாலும் காற்றில் ஒரு கோடு போட்டுக் காட்டுவார் என்பதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கிராஃப் சார். திரையைக் கூர்ந்து பார்த்தார்.

"ஆறா? இப்பவே ஆறு குடுத்துட்டா கடைசி டெர்ம்ல என்ன குடுப்பீங்க, பதினொண்ணா?"

"அவ வாங்கினது அது சார்."

"வாங்கட்டுமே. நல்ல பொண்ணு, யாரு இல்லேன்னா? போன வருஷம் நீங்க இப்படித்தான் உள்ளத உள்ளபடி போட்டீங்க. என்னாச்சு? ஆறு, ஆறு, ஆறு." காற்றில் ஒரு படுத்த கோடு போட்டார். "ஒரு வருஷமா அந்தப் புள்ளைங்க ஒண்ணுமே கத்துக்கலையான்னு மேல கூப்பிட்டுக் கேட்டாங்களா இல்லையா?"

கேட்டார்கள். கேட்டதோடு நிற்கவில்லை. ஒரு பருவம் முழுக்க வாரத்துக்கு ஒருவர் வந்து வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து அவர் பாடம் நடத்துவதைக் குறிப்பெடுத்தார்கள். பத்தொன்பது வருடம் பாடம் நடத்தின ஒருவருக்கு அது எப்படி இருக்கும் என்று நான் எழுத ஆரம்பித்தேன். அவருடைய தொண்டை

வேண்டாம். உங்களுக்கே தெரியும்.

மிஸ் ஆறை நீக்கிவிட்டு மூன்று போட்டார். மூன்று போட்டால் கீழே ஒரு பட்டியல் திறக்கும், தயார் வாக்கியங்கள். அதிலிருந்து ஒன்றைத் தொட்டார்: "அடிப்படைகளில் கூடுதல் கவனம் செலுத்தினால் முன்னேற்றம் காணலாம்." அடுத்த பெயருக்குப் போனார்.

4

இத்தனை வருடம் இதனால் எந்தக் கேடும் வரவில்லை. இந்த வருடம் வந்தது.

அடுத்த வகுப்பில் கணக்கு இரண்டாகப் பிரியும். உயர் கணக்கு, பொதுக் கணக்கு. உயர் கணக்கில் மொத்தம் அறுபது இடம். பொறியியல் பக்கம் போகிறவர்களுக்கு அது இல்லாமல் ஆகாது. பொதுக் கணக்குக்குப் போய்விட்டால் நடுவில் மாறிவர முடியாது, பாடம் வேறு. எதை எடுப்பது என்று பெற்றோர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எப்போதும் அது வருடக் கடைசியில் வரும், எண்கள் எல்லாம் உண்மையான பிறகு. இந்த வருடம் நேர அட்டவணை போடுகிறவர்களுக்கு அவகாசம் வேண்டுமென்று அதை முன்னால் இழுத்தார்கள். முதல் ரிப்போர்ட் வந்த கையோடு படிவமும் வந்தது. அதில் சின்ன எழுத்தில் ஒரு வரி: "நான்குக்குக் கீழ் பெற்றவர்களுக்கு உயர் கணக்கு பரிந்துரைக்கப்படுவதில்லை."

தேதி மாறுகிறது என்று சொன்ன கூட்டத்தில் எல்லாரும் இருந்தார்கள். கிராஃப் சார் இருந்தார், மிஸ் இருந்தார். எல்லாரும் டைரியில் குறித்துக்கொண்டார்கள். குழியும் தேதியும் அத்தனை தலைக்குள்ளும் இருந்தன, ஒரு தலையில்கூட இரண்டும் சந்தித்துக்கொள்ளவில்லை. வெளியாள் ஒருவர் இருந்திருந்தால் கேட்டிருப்பார். பதினைந்து வருடம் குழி எடுத்தவர்களுக்கு அது குழியாகத் தெரிவதில்லை, தரையாகத்தான் தெரிகிறது.

பெற்றோர் சந்திப்பு நாள், செவ்வாய்க்கிழமை மதியம், யார் எதை எடுத்திருக்கிறார்கள் என்ற பட்டியலை மிஸ் திறந்தார். அவர் வகுப்பில் உண்மையிலேயே ஐந்துக்கு மேல் போகக்கூடியவர்கள் பத்தொன்பது பேர். அதில் பன்னிரண்டு பேர் உயர் கணக்கு. ஏழு பேர் பொதுக் கணக்கு.

பெயர்களை இரண்டு முறை படித்தார். அந்தப் பன்னிரண்டு பேரின் வீடுகள் அவருக்குத் தெரியும். ஒரு வீட்டில் டாக்டர், ஒரு வீட்டில் இரண்டு ஆசிரியர்கள், ஒரு வீட்டில் அண்ணன் ஏற்கெனவே இங்கே படித்தவன். அவர்கள் எண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள், அல்லது யாரிடமாவது விசாரித்தார்கள். அந்த ஏழு வீட்டிலும் யாரும் யாரையும் விசாரிக்கவில்லை. ரிப்போர்ட்டைத் திறந்தார்கள். மூன்று என்று இருந்தது. "படித்தேன்" என்று அமுக்கினார்கள்.

பள்ளிக்கூடத்தை நம்பாதவர்கள் தப்பித்தார்கள். நம்பினவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

(இந்த வரியை எழுதிவிட்டு இரண்டு நாள் வேறு எதையும் எழுதவில்லை. கடையில் ஒருவருக்கு வலது லென்ஸை இடது பக்கம் போட்டுக் கொடுத்து ஏச்சு வாங்கினேன்.)

வெள்ளிக்கிழமை நான்கு மணிவரை படிவத்தை மாற்றலாம். அந்த ஏழு பெற்றோரில் அன்று மிஸ்ஸைப் பார்க்க நேரம் வாங்கியிருந்தவர் ஒரே ஒருவர். ஐந்து முப்பத்தைந்து.

5

ஆக, ஐந்து நிமிடம். கடைசி நன்றி மட்டும்தான் என் காதில் விழுந்தது. மற்றதை நான் ஊகித்துப் போடுகிறேன்.

"வணக்கம் மிஸ். நான் பாப்பாவோட அப்பா."

"உக்காருங்க சார்."

பிள்ளைகள் உட்காரும் நாற்காலி. அவர் முழங்கால் மேசையில் இடித்தது.

"நான் சண்டை போட வரல மிஸ். முன்னாடியே சொல்லிடறேன். மார்க்கு கம்மின்னா எல்லாரும் சண்டைக்குத்தானே வருவாங்க."

மிஸ் சிரிக்கப் பார்த்தார்.

"சின்ன வகுப்புலேர்ந்து இவளுக்கு 'நன்று, மிக நன்று'ன்னே வரும். நானும் நெஞ்ச நிமித்திக்கிட்டு இருந்தேன். இவ என்னடான்னா, நான் லிஃப்ட் டிசைன் பண்ணப்போறேன், நீ பண்றதெல்லாம் தப்புப்பான்னு எனக்கே பாடம் எடுப்பா."

"என்ன தப்புங்கறா?" மிஸ்ஸுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"லிஃப்ட்ட எதுக்கு எப்பவும் கீழ கொண்டுபோய் நிறுத்தறே, எந்த மாடியில அதிகமா கூப்பிடறாங்கன்னு எண்ணிப் பாத்து அங்கயே நிறுத்தலாம்லங்கறா. லீவு நாள்ல என்கூட வந்தா இதே வேலைதான் மிஸ். ஒரு நோட்டு பூரா எண்ணி வெச்சிருக்கா. காலையில எத்தன பேரு, சாயங்காலம் எத்தன பேருன்னு தனித்தனியா."

அவள் செய்துகொண்டிருந்தது இன்னும் மூன்று வருடம் கழித்து வரும் பாடம். மிஸ்ஸுக்கு அது புரிந்தது. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்புறம் உங்க ரிப்போர்ட்டு வந்துச்சு. மூணு. மொதல்ல கோவம்தான் மிஸ், மறைக்கல. அப்புறம் வண்டியில போயிட்டே யோசிச்சேன். இவங்களுக்கு நம்ம பொண்ணு மேல என்ன விரோதம்? நல்லதா நாலு வார்த்த எழுதிட்டுப் போறது ஈசி. இருக்கறத எழுதறதுக்கு ஒரு மனசு வேணும். பாப்பாகிட்ட சொன்னேன், பாரு, இவங்க ஒருத்தங்கதான் உன்ன ஒழுங்கா பாத்திருக்காங்க, பொதுக் கணக்கே எடுத்துக்க, நிம்மதியா படின்னு. நேத்தே அனுப்பிட்டோம்."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. அப்புறம் அந்த நோட்டக் கொண்டுபோய்ப் பழைய பேப்பரோட போட்டுட்டா. நான் எடுத்து வெச்சிட்டேன். சும்மா. பொண்ணு கையெழுத்தாச்சே."

பிறகு, நான் கேட்ட அந்த வாக்கியம்.

"உண்மைய எழுதினதுக்கு ரொம்ப நன்றி மிஸ். இதுவரைக்கும் யாரும் எழுதல."

இங்கேதான் அந்த ஒரு நிமிடம்.

மிஸ் வாயைத் திறந்தார். "சார், அந்த மூணு

"சார், அந்த மூணுங்கறது

மூன்று இல்லையென்றால் எவ்வளவு என்று கேட்பார். ஆறு என்று சொல்லலாம். அப்புறம் ஏன் மூன்று போட்டீர்கள் என்று கேட்பார். அதற்குக் கிராஃப் சாரைச் சொல்ல வேண்டும், கோட்டைச் சொல்ல வேண்டும், பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர்களைச் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல எதிரில் இருக்கிற இந்த முகம் என்ன ஆகும் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அறையில் எத்தனையோ பேர் கத்தியிருக்கிறார்கள், அழுதிருக்கிறார்கள். நன்றி சொன்னவர்கள் குறைவு. ஆசிரியராக அவர் பார்த்த வேலைக்கு இப்படி ஒருவர் யோசித்து, வண்டியில் போகும்போது யோசித்து, நன்றி சொன்னதே இல்லை. அதை வாங்கிக்கொள்ளவும் முடியாது. திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

மணி அடித்தது.

6

ஒரு சந்தேகம். இந்த மிஸ்ஸை நானே நம்பவில்லை.

அவ்வளவு மனசு இருக்கிறவர் மறுநாள் காலை ஃபோனை எடுத்து விஷயத்தைச் சொல்லிவிட மாட்டாரா? என்ன தடுக்கிறது? முதல் பிரதியில் அவருக்கு நோயாளிக் கணவரை வைத்தேன், வேலை போனால் ஆகாது என்று. அசிங்கமாக இருந்தது, எடுத்துவிட்டேன். இரண்டாவது பிரதியில் கிராஃப் சாரை வில்லனாக்கினேன். என் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, அவரு கணக்கு வராத பசங்கள ஸ்கூல் முடிஞ்சப்புறம் உக்கார வெச்சு சொல்லித் தருவாரு, தெரியுமா?" என்றான். அதையும் எடுத்துவிட்டேன். வில்லன் போனதும் கதை இன்னும் கனத்துவிட்டது.

புதன்கிழமை காலை மிஸ் கிராஃப் சாரிடம் போகிறார்.

"சார், என் க்ளாஸ்ல ஏழு பேரு தப்பா எடுத்திருக்காங்க."

"பேரன்ட்ஸ் எடுத்தது மிஸ். நாம எடுக்கச் சொல்லலையே. பரிந்துரைன்னுதானே போட்டிருக்கு."

"மூணு போட்டுப் பரிந்துரை பண்ணினது நாமதானே சார்."

அவர் காற்றில் கோடு எதுவும் போடவில்லை. மேசை மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"இப்பவே அம்பத்தெட்டு சீட் நெறஞ்சாச்சு. உங்க ஏழு பேரு வந்தா அஞ்சு பேரு வெளிய போகணும். நாலு வாங்கறவங்க அஞ்சு பேரு. அவங்க அப்பா அம்மா கேள்வி கேக்கத் தெரிஞ்சவங்க. விடுவாங்களா?"

"அதுக்காக?"

"அதுக்காகன்னு இல்ல. நம்பர மாத்தினா காரணம் எழுதணும். ஒருத்தருக்குன்னா தட்டும்போது தப்பாயிடுச்சுன்னு எழுதலாம். ஏழு பேருக்கும் தப்பாயிடுச்சா? அப்ப உள்ளத எழுதணும். எழுதுங்க மிஸ், நான் தடுக்கல. ஆனா உங்க பேரோட நிக்காது. இந்த ரூம்ல இருக்கற எல்லாரு பேரும் வரும்." பிறகு, மெதுவாக: "எனக்கு ரிட்டயராக இன்னும் மூணு வருஷம் இருக்கு."

மிஸ் திரும்பி நடந்தார். அடுத்த பீரியட் அவருக்கு ரப்பரின் வகுப்பு.

7

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

முடிவு அ. மிஸ் அன்று மதியமே ஃபோன் செய்கிறார். எல்லாவற்றையும் சொல்கிறார். லிஃப்ட் மெக்கானிக், "நேத்து நான் நன்றி சொன்னப்ப ஏன் மிஸ் சும்மா இருந்தீங்க?" என்கிறார். ஆனால் படிவம் மாறுகிறது. ரப்பர் உயர் கணக்குக்குப் போகிறாள்.

இதை இருபது நிமிடத்தில் எழுதி முடித்தேன். இவ்வளவு சுலபமாக வந்ததால் எனக்கு நம்பிக்கையில்லை.

முடிவு ஆ. வகுப்பு முடிந்ததும் மிஸ் ரப்பரை நிற்கச் சொல்கிறார்.

"உனக்கு உயர் கணக்குல ஆசை இருக்கா?"

"இல்ல மிஸ்."

"பொய் சொல்லாத. வீட்ல போய் அப்பாகிட்ட கேளு. நீ கேட்டா மாத்துவாரு."

"நான் மூணு மிஸ்," என்கிறாள் ரப்பர். கோபமாக இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி.

இதற்குமேல் பேனா நகரவில்லை. தான் செய்ய வேண்டியதைப் பதினான்கு வயதுப் பெண்ணின் தலையில் வைக்கிற மிஸ்ஸை எழுத எனக்குத் தெம்பில்லை.

முடிவு இ. மிஸ் ஒன்றும் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை நான்கு மணி வருகிறது, போகிறது. வருடக் கடைசியில் ரப்பருக்கு ஆறு போடுகிறார்கள். மூன்று, நான்கு, ஆறு. அழகான கோடு. லிஃப்ட் மெக்கானிக் மறுபடி வருகிறார். "எல்லாம் உங்களாலதான் மிஸ்."

இதை எழுதினதும் நன்றாக இருக்கிறதே என்று ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் கிழித்தேன்.

8

மூன்று முடிவிலும் ஒரு திருட்டுத்தனம் இருக்கிறது. மூன்றிலும் மிஸ் மட்டுமே முடிவெடுக்க வேண்டியவராக நிற்கிறார். ரப்பருக்குப் போட்ட அந்த மூன்று என்ற எண் பொய்யென்று தெரிந்த வேறு யாருமே அந்த லிஃப்ட் மெக்கானிக்கின் பக்கத்தில் இல்லாத மாதிரி எழுதியிருக்கிறேன்.

இருந்தார். ஐந்து நாற்பது.

குழி விஷயத்தை மச்சான் எனக்கு எப்போது சொன்னான் என்று நான் மேலே எழுதவில்லை. ரிப்போர்ட் வந்த அன்றே சொன்னான். என் பையனுக்கும் மூன்று. "மச்சான், அதெல்லாம் நம்பிட்டு உக்காந்திருக்காதீங்க. மிஸ்ஸுக்கு ஒரு ஃபோன் போட்டு, இது சும்மா முதல் டெர்ம் நம்பர்தானேன்னு கேளுங்க. அவங்க புரிஞ்சிக்குவாங்க." போட்டேன். "ஆமா சார்," என்றார் மிஸ். "நாலு வருவான். இழுத்துப் பிடிச்சா அஞ்சு." அந்த ஞாயிற்றுக்கிழமையே உயர் கணக்கு என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

அதனால் நான் உள்ளே போய் உட்கார்ந்தபோது மிஸ் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "உங்களுக்குத்தான் தெரியுமே சார்." சொல்லிவிட்டுச் சாத்தாத கதவைப் பார்த்தார். இது ஊகமில்லை. இது நடந்தது.

வெளியே வந்தால் மழை. பள்ளி வாசலில் லிஃப்ட் மெக்கானிக் ஒதுங்கி நின்றிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். வேறு இடமில்லை.

"உங்க பையனுக்கு எவ்வளவு சார்?" என்று கேட்டார்.

"மூணு."

"அட, நம்ம கேஸுதானா!" சிரித்தார். துணைக்கு ஆள் கிடைத்த சிரிப்பு. "எம் பொண்ணுக்கும் மூணுதான். அப்ப நீங்களும் பொதுக் கணக்குதானே?"

அவர் கேட்டார். நேராகக் கேட்டார். நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம், எனக்கு யார் வாய்க்கும் பயமில்லை, துறைத் தலைவர் இல்லை, மேலே கூப்பிட்டுக் கேட்க ஆளில்லை. ரப்பர் யாரென்று என் பையன் சொல்லித் தெரியும். ஓட்டை விழுந்த நோட்டும் தெரியும். அறுபது இடம்தான் என்பதும் தெரியும். என் பையன் நான்கு என்பதும் தெரியும்.

"பாக்கலாம் சார்," என்றேன். "இன்னும் முடிவு பண்ணல."

"அவசரப்படாதீங்க," என்றார். "ஆனா ரொம்பப் பேராசையும் வெச்சுக்காதீங்க. பசங்க பாவம்."

மழை கொஞ்சம் விட்டது. பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடினார்.

9

கதையில் இன்னும் புதன்கிழமைதான். மிஸ் ரப்பரின் வகுப்புக்கு நடந்துகொண்டிருக்கிறார், இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அதை வெள்ளிக்கு நகர்த்த எனக்கு விருப்பமில்லை.

வெளியே அந்த வெள்ளி போய்ப் பத்து வாரம் தாண்டிவிட்டது. புது வகுப்பு தொடங்குகிற அன்றைக்குத்தான் பிரிப்பார்கள், ஆனால் யார் எந்தப் பக்கம் என்ற பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டியாகிவிட்டது. என் பையன் பெயர் உயர் கணக்கில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்தவன், "ரொம்பக் கஷ்டமா இருக்குமாப்பா?" என்று கேட்டான். ரப்பர் பெயர் எதில் இருக்கிறது என்று அவனைக் கேட்டால் சாப்பிட்டுக்கொண்டே சொல்லிவிடுவான். நான் கேட்கவில்லை. மிஸ் என்ன செய்தார் என்பதும் அப்போது தெரிந்துவிடும். தெரியவேண்டாம் என்று பதினோரு வாரமாகக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இனி உங்கள் பாடு. மிஸ்ஸைத் துணிச்சல்காரர் ஆக்குங்கள், கிராஃப் சாரை அந்த ஏழு பேருக்கும் ஃபோன் செய்ய வையுங்கள், எழுபது இடமென்று அறிவிக்க வையுங்கள், ரப்பரை எந்த அறையில் வேண்டுமானாலும் உட்கார வையுங்கள். என் பையன் பெயரை அந்தப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியிருந்தால் அதையும் செய்துகொள்ளுங்கள், நான் அவனிடம் பேசிக்கொள்கிறேன்.

வாசலில் நான் வாயைத் திறந்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மற்றதெல்லாம் மாறலாம், அது மாறாது. மழை விடுகிறவரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. "பாக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு, அவர் போகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.